கோடையில் படிப்பது என்ன?

சித்திரை பிறந்துவிட்டால் நம் நாட்டில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் சில உண்டு. மழைக்குறி தெரிகிறதா, கிணற்றில் எத்தனை அடி நீர், மா காய்ப்பு எப்படி, பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததா என்பன அவை. இவையெல்லாம் அவசியமான கேள்விகளே. ஆனால், "இப்பொழுது என்ன புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்னும் கேள்வி நம்மிடையே அபூர்வமாகவே எழுகிறது. எவரேனும் கேட்டுவிட்டாலும், கேட்கப்பட்டவர் கூச்சத்துடன் நகைத்து வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். படிப்பு என்பது பள்ளிக்கூடத்துடன் முடிந்துபோகும் ஒரு கடமை என்றும், அதற்கு மேல் படிப்பது அவரவருடைய சொந்த விவகாரம் என்றும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த எண்ணம் தவறானது என்பது மட்டுமல்ல, தேசத்திற்குத் தீங்கானதுமாகும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

ஒருவர் தமக்குள்ளேயே படித்து வைத்துக்கொள்ளும் நூல் பெட்டியில் பூட்டிய பணத்திற்கு ஒப்பாகும். அதையே அவர் மற்றொருவரிடம் எடுத்துச் சொல்லும்போது அது புழக்கத்திற்கு வருகிறது. கேட்டவர் அதை மறுக்கலாம், ஏற்கலாம், தாமும் அந்த நூலைத் தேடிப் போகலாம். எப்படியாயினும் ஒரு தனி மனிதரின் அறிவு ஊரின் அறிவாக மாறுவதற்கு அதுவே முதற்படி. கோடை விடுமுறை நெருங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உழவர்களுக்கும் சிறிது ஓய்வு கிடைக்கும் இத்தருணத்தில், இந்தக் கேள்வியை ஊர்தோறும் வெளிப்படையாகக் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும் என்று நாம் வற்புறுத்த விரும்புகிறோம்.

இவ்விஷயத்தைப் பேசுவதற்கு நாம் கெலவரப்பள்ளியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஓசூருக்கு அருகே தென்பெண்ணையாற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டிருக்கும் இடம் அது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பிரதேசத்தில் தோன்றி, பெங்களூருக்குக் கிழக்கே ஓடிவரும் ஆறு, தமிழ் மண்ணில் அடியெடுத்து வைத்ததும் தேங்கி நிற்பது இந்த நீர்த்தேக்கத்திலேதான். அணையின் உயரம் 44.28 அடி. இடது வாய்க்கால், வலது வாய்க்கால் என இரண்டின் வழியாகவும் சுற்று வட்டாரத்து நிலங்களுக்கு நீர் பாய்கிறது. ஆனால், பெருநகரத்தின் கழிவு நீரும் ஆலைக் கழிவும் ஆற்றில் கலப்பதால், மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் பொங்கி, சாலையையும் வயலையும் மூடுகின்ற காட்சியைப் பல ஆண்டுகளாக ஜனங்கள் பார்த்து வருகிறார்கள். அதே நீரை நம்பித்தான் அவர்கள் நெல்லும் ராகியும் காய்கறியும் மலரும் பயிரிடுகிறார்கள்.

அணைக்கு அப்பால் மற்றோர் உலகம் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பிறகு, லாரிகளும் இருசக்கர வாகனங்களும் கைக்கடிகாரங்களும் செய்யும் ஆலைகளால் ஓசூர் பெருகி, 2019-ல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் இங்கே வீட்டு மொழிகள். உருதுவும் உண்டு. வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள் ஹிந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுகிறார்கள். இவ்வளவு மொழிகள் கூடும் எல்லையில், 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி ஜில்லாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 71.46 பேர். அதே சமயம் தமிழ்நாடு முழுவதற்குமான கணக்கு 80.09. பெண்களிடையே எண்ணிக்கை இன்னும் குறைவு. இயந்திரங்களிலே முன்னணியில் நிற்கும் பிரதேசம் எழுத்திலே பின்தங்கி நிற்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது தேசப் பணியில் ஈடுபட்டவர்களுக்கு அழகன்று.

படித்ததை ஊருக்குத் தருவதற்கு இப்பிரதேசத்தார் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. கெலவரப்பள்ளிக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளியிலேதான் 1878 டிசம்பர் 10-ந் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் பிறந்தார். ஓசூர்ப் பள்ளியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாகாணக் கல்லூரியிலும் பயின்று, சேலத்தில் வக்கீலாகப் பொருள் ஈட்டியவர் அவர். ஒத்துழையாமைப் போரில் ஈடுபட்டு 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்த நாட்களில், தாம் கண்டதையும் எண்ணியதையும் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். தாம் படித்த சாக்ரடீஸின் சரிதத்தையும் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளையும் எளிய தமிழில் ஆக்கித் தந்தார். ரசாயன சாஸ்திரத்தைத் திண்ணைப் பேச்சாகச் சொல்ல முடியும் என்று காட்டுவதற்காகவே ஒரு நூல் எழுதினார். பாரதக் கதையைக் 'கல்கி' பத்திரிகையில் தொடராக எழுதினார். அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-ல் சாகித்ய அகாடமியின் பரிசைப் பெற்றது.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துக் கூறுவது அவரைத் துதிப்பதற்காக அன்று. 1953-ல் அவர் கொண்டுவந்த அரைநேரக் கல்வித் திட்டம் ஏழைப் பிள்ளைகளின் படிப்பைப் பாதியாகக் குறைப்பது என்று நாடே எதிர்த்தது. அவ்வெதிர்ப்பு நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். எனினும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. அவர் தாம் படித்த எதையும் தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலம் அறிந்த சிலருக்கே எட்டிய விஷயங்களை, தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கும் எட்டச் செய்தார். தொரப்பள்ளியின் ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்ட ஒருவரால் இது முடிந்தது என்றால், அதே ஆற்றங்கரையில் இன்று பட்டம் பெற்று உத்தியோகம் வகிக்கும் ஆயிரக்கணக்கான வாலிபர்கள், தாம் படிக்கும் ஒரு நூலைப் பற்றி அண்டை வீட்டாரிடம் நான்கு வார்த்தை சொல்வதும் அரிதோ?

சுதந்திரப் போரின் சரித்திரத்தைப் புரட்டினால், படிப்பும் பகிர்வும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பது விளங்கும். 1904-ல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தியடிகள் ரஸ்கினுடைய சிறு நூலொன்றைப் படித்தார். அதைக் கொடுத்தவர் அவருடைய நண்பர் போலக். அந்நூல் அவர் வாழ்க்கையையே மாற்றியது. அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் குடியிருப்பு ஏற்பட்டது. ஆனால், அவர் அத்துடன் நிற்கவில்லை. 1908-ல் அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதி, 'சர்வோதயம்' என்று பெயரிட்டு, தம் பத்திரிகையின் வாசகர்களுக்கு அளித்தார். ஒரு நண்பர் ஒரு புத்தகத்தை மற்றொரு நண்பரிடம் ரயிலடியில் கொடுத்த சிறு செயலிலிருந்து தேசம் முழுவதும் அறிந்த ஓர் இயக்கச் சொல் பிறந்தது.

வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறையில் செக்கிழுத்ததை அறியாத தமிழர் இல்லை. அந்தச் சிறை நாட்களிலேயே அவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? உடல் நைந்த நிலையிலும், தமக்கு உறுதி அளித்த ஒரு நூல் தம் மக்களுக்கும் உறுதி அளிக்கட்டும் என்று அவர் எண்ணினார். பண்டித நேரு அகமத்நகர்க் கோட்டையில் 1944-ல் எழுதிய சரித்திர நூலும், அதற்கு முன் சிறைகளிலிருந்து தம் மகளுக்குக் கடிதங்களாக எழுதிய உலக சரித்திரமும் படித்ததைப் பகிரும் நோக்கத்தாலேயே பிறந்தவை. அந்நிய சர்க்கார் அவர்களை ஜனங்களிடமிருந்து பிரிக்கவே சிறையில் அடைத்தது. அவர்களோ சிறையையே வாசகசாலையாக்கி, மதில்களுக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். நமக்கு இன்று மதில்கள் இல்லை. ஆயினும் நாம் வாய் திறப்பதில்லை!

"கோடையில் கூடிப் படிப்பது மேல்நாட்டு வழக்கம், நமக்கு ஏன்?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் தங்கள் ஊரையே சரியாகப் பார்க்காதவர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் வட தமிழ்நாடெங்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடை மாதங்களில் நடப்பது என்ன? நாள்தோறும் பிற்பகலில் பிரசங்கியார் பாரதத்தை ஏடு விரித்துப் படிக்கிறார். படித்த பாட்டுக்குப் பொருள் சொல்லுகிறார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக நடக்கிறது. வில்லிபுத்தூராரும் நல்லாப்பிள்ளையும் இவ்விதமாகவே எழுத்தறியாத உழவர்களின் நாவிலும் நெஞ்சிலும் குடியேறினார்கள். துரியோதனன் படுகளத்தன்று மண்ணுருவின் முன் நின்று அழும் கிழவிக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். கதையின் நியாய அநியாயம் அவளுக்குத் தெரியும். கர்ணன் செய்தது சரியா, தருமன் சூதாடியது தகுமா என்று மறுநாள் காலை களத்துமேட்டில் வாதம் நடக்கிறது. இதைவிடச் சிறந்த கோடைப் படிப்பு வேறெங்கு உண்டு?

எனவே, நாம் கோருவது புதிய வழக்கம் அன்று. பழைய வழக்கத்தின் விஸ்தரிப்பே. பாரதம் படிக்கக் கூடிய அதே ஊர், ஆற்று நீரைப் பற்றிய அறிக்கையைப் படிக்கவும் கூடலாம். சுதந்திரப் போராட்ட நாட்களில் தமிழ்த் தினசரிகளைத் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, பலர் கேட்டார்கள். 'சுதேசமித்திரன்' 1882-ல் தோன்றியது. 'தினமணி' 1934-ல் தோன்றியது. இவை அச்சிட்ட பிரதிகள் சில ஆயிரமே. அவற்றின் செய்தியை அறிந்தவர்களோ அதற்குப் பன்மடங்கு. ஒரு பிரதியை ஒருவரே படித்துவிட்டு மடித்து வைத்திருந்தால், உப்புச் சத்தியாக்கிரகத்தின் செய்தி குக்கிராமங்களை எட்டியிருக்குமா? கூட்டத்தில் படித்தல் என்பது நம் தேசிய இயக்கத்தின் ஆயுதங்களுள் ஒன்றாக இருந்தது. விடுதலைக்குப் பின் அந்த ஆயுதத்தைத் துருப்பிடிக்க விட்டோம்.

இனி, நூல் நிலையங்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக இருந்து, 1931-ல் நூலக சாஸ்திரத்தின் ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். அவ்விதிகளின் கருத்து, அலமாரியில் உறங்குவதற்காக நூல் அச்சிடப்படவில்லை என்பதும், வாசகனையும் அவனுக்குரிய நூலையும் தேடிச் சேர்த்து வைப்பதே நூலகத்தின் வேலை என்பதுமாகும். அதே 1931-ல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் இரட்டை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பினார். உழவன் நூலகத்தைத் தேடி வரும் வரையில் காத்திராமல், நூலகமே உழவனைத் தேடிப் போயிற்று. சென்னை ராஜதானியில் 1948-ல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் மற்ற மாகாணங்களெல்லாம் அதற்குப் பின்னரே வந்தன. ரங்கநாதன் தம் இறுதிக் காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து, அங்கேயே 1972-ல் காலமானார். நம் எல்லைக்கு அப்பால் சில மைல் தொலைவில், நூலகத்துறையில் உலகமே போற்றிய ஒருவர் வாழ்ந்தார் என்பதை ஓசூர்ப் பிள்ளைகளுக்கு எவரேனும் சொல்லியிருப்பார்களா?

அச்சட்டத்தின்படி, வீட்டுக்கும் கட்டடத்துக்கும் நாம் செலுத்தும் சொத்து வரியுடன் நூற்றுக்குப் பத்து வீதம் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. அதாவது, புத்தகத்தைத் தொட்டே அறியாதவரும் நூலகத்திற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆகையால், நூலகம் சர்க்கார் அளிக்கும் தர்மம் அன்று. நாம் விலை கொடுத்து வாங்கிய உரிமை. அந்த உரிமையை நாம் எவ்வாறு அனுபவிக்கிறோம்? ஊர்ப்புற நூலகங்கள் பகுதி நேரமே திறந்திருக்கின்றன. ஆலையில் காலை ஷிப்டு முடிந்து மாலையில் வீடு திரும்பி, குளித்து, உணவருந்திவிட்டு வரும் தொழிலாளிக்குக் கதவு திறந்திருக்குமா? வயலில் வேலை செய்யும் பெண், பகலில் வாசகசாலைக்கு வந்து உட்கார முடியுமா? நேரம் பொருந்தாத நூலகம் பூட்டிய நூலகத்தையே ஒக்கும். உள்ளூர் மன்றங்கள் வசூலித்த நூலக வரியை முழுவதும் காலத்தில் நூலகத்துறைக்குச் செலுத்துகின்றனவா என்பதை வரி செலுத்துவோர் கேட்க வேண்டும். இதைக் கேட்பதற்கு எந்தக் கட்சியின் அனுமதியும் தேவையில்லை.

சரி, படிப்பது எதை? எல்லாரும் ஒரே நூலைப் படிக்க வேண்டும் என்று நாம் கட்டளையிட முன்வரவில்லை. ஆயினும், எல்லைப் பிரதேசத்தில் வாழ்வோர் எவ்வகை நூல்களை முதலில் தேட வேண்டும் என்பது குறித்து நமக்குச் சில கருத்துகள் உண்டு.

முதலாவது, தம் மண்ணின் சரித்திரம். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு மாறியபோது, அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கு வந்து நிலங்களை அளந்து, குடிகளுடன் நேரடியாக வரி பேசினார்கள். பின்னர் சென்னை ராஜதானியெங்கும் பரவிய ரயத்துவாரி முறை வேர் கொண்டது இந்த மண்ணில்தான். அவர்கள் எழுதிய அறிக்கைகளை, 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் சென்னை சர்க்கார் பிற்காலத்தில் அச்சிட்டது. ரிச்சர்ட்ஸ் என்ற அதிகாரி தொகுத்த சேலம் ஜில்லா கெஸட்டியர் 1918-ல் வெளிவந்தது. அந்நியன் வரி வாங்குவதற்காக எழுதியவை இவை என்பது உண்மை. அதனாலேயே நாம் அவற்றைக் கண் திறந்து படிக்க வேண்டும். நம் முன்னோர் எவ்வளவு விளைவித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்னும் கணக்கு அவற்றில் இருக்கிறது. ஏட்டில் மட்டுமா? இந்த ஜில்லாவின் வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்களும் படிக்கப்பட வேண்டிய நூல்களே.

இரண்டாவது, நீரைப் பற்றிய பத்திரங்கள். 1892-ல் சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்திற்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் அட்டவணையில் தென்பெண்ணையும் ஓர் ஆறு. முன்கூட்டிச் சென்னையின் சம்மதம் பெறாமல் அவ்வாறுகளில் புதிய பாசன நீர்த்தேக்கங்களை மைசூர் கட்டலாகாது என்பது அதன் சாரம். தென்பெண்ணையின் உபநதியான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணை குறித்துத் தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, வாதத்தின் அடிப்படையாக நின்ற பத்திரங்களுள் அதுவும் ஒன்று. அது தலையணை போன்ற நூல் அன்று. ஒரே அமர்வில் படித்து முடிக்கக் கூடியது. ஆற்று நீருக்காக மறியல் செய்த தொண்டர்களில், சாலையில் அமர்ந்து கோஷமிட்டவர்களில், அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் நீர்ப் பரிசோதனைக் கணக்குகளைத் தமிழில் விளக்கிச் சொல்லக் கூடியவர்கள் எத்தனை பேர்? நுரையைக் கண்டு சினப்பது எவர்க்கும் எளிது. அந்நுரையில் கலந்திருப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, அதைத் தடுக்கும் கடமை சட்டப்படி எவருடையது என்று கூறக்கூடியவனிடமே அதிகாரி பணிவுடன் பேசுவான்.

மூன்றாவது, உழைப்பைப் பற்றிய சட்டங்கள். மத்திய சர்க்காரின் தொழிலாளர் சட்டங்கள் 29-ஐ நான்கு தொகுப்புகளாகச் சுருக்கும் சட்டங்களைப் பார்லிமெண்ட் 2019-லும் 2020-லும் நிறைவேற்றியது. சம்பளம், வேலை நேரம், ஒப்பந்தத் தொழில், வேலைநிறுத்தம், விபத்துக்கு நஷ்டஈடு ஆகியவை அனைத்தும் இவற்றுள் அடங்கும். ஓசூரின் ஆலைகளில் ஒப்பந்தத்தின் பேரில் வேலை செய்யும் வாலிபனுடைய சோறு இந்த வாக்கியங்களைப் பொறுத்திருக்கிறது. அவற்றைச் சங்கத் தலைவர் படித்தால் போதும் என்று அவன் எண்ணுவானானால், தன் தலைவிதியைப் பிறர் கையில் எழுதிக் கொடுத்தவனாவான். கோடையில் ஒரு வாரத்திற்கு ஓர் அத்தியாயமாகப் பத்துத் தொழிலாளர்கள் கூடிப் படிக்கட்டும். விளங்காத இடத்தில் ஒரு வக்கீலை அழைத்துக் கேட்கட்டும்.

நான்காவது, அண்டையாரின் இலக்கியம். ஓசூருக்கு வடக்கே எல்லையைத் தாண்டினால் மாலூர்த் தாலுகா. அங்கே 1891-ல் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் தாய்மொழி தமிழ். ஆனால், அவர் எழுதியது கன்னடத்தில். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று அந்நாட்டார் அவரைப் போற்றுகிறார்கள். குடகு அரசனைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திரன்' நாவலுக்காக 1983-ம் வருஷத்து ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தமிழ் வீட்டில் பிறந்தவரைக் கன்னடத்தார் தங்கள் சொத்து என்று கொண்டாடுகிறார்கள். தமிழராகிய நாமோ அவர் பெயரையும் அறியோம். நீருக்காக வழக்காடுவோம், அதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், வழக்காடும் அண்டையான் எதை எண்ணுகிறான், எதை நேசிக்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று அறியாதவன் வழக்கிலும் வெல்ல மாட்டான், சமாதானத்திலும் வெல்ல மாட்டான். சிவராம காரந்தரையும் குவெம்புவையும், தெலுங்கில் வேமனரையும் குரஜாடா அப்பாராவையும் மொழிபெயர்ப்பிலேனும் படிப்போம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நம் ஜில்லாப் பிள்ளைகள் அந்நூல்களை மூலத்திலேயே படித்து நமக்குத் தமிழில் சொல்லட்டும். இரண்டு மொழி அறிந்த பிள்ளையை எல்லையூரின் குறையாக எண்ணலாகாது. எல்லையூரின் செல்வம் அவனே.

கடைசியாக, இன்று நம்மிடையே எழுதுவோர். 'தாண்டவராயன் கதை' முதலிய நாவல்களை எழுதிய பா. வெங்கடேசனும், கதையிலும் கட்டுரையிலும் சாதிக் கொடுமையைச் சாடிவரும் ஆதவன் தீட்சண்யாவும் ஓசூர்வாசிகள். தம் தெருவில் நடந்து போகும் எழுத்தாளரை அறியாமல், வெளிநாட்டாரின் பட்டியலை ஒப்பிக்கும் வாசகனைப் பற்றி என்ன சொல்வது! அவர்களுடைய எழுத்தை மெச்ச வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. படித்துவிட்டு எதிர்த்து வாதிடலாம். படிக்காமல் இருப்பதற்கே நியாயம் இல்லை. ஓசூரிலும் சில ஆண்டுகளாகப் புத்தகத் திருவிழா நடந்து வருகிறது. அங்கு வாங்கிய நூல்கள் அடுத்த திருவிழா வருமுன் எத்தனை கைகளுக்கு மாறின என்று கணக்கெடுப்பது நல்லது.

நம் யோசனைக்கு எதிராகக் கூறப்படும் ஆட்சேபங்களை நாம் அறியாமல் இல்லை. நேரம் இல்லை என்பது முதல் ஆட்சேபம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவனைப் பார்த்துப் 'படி' என்று உபதேசிப்பது சாய்வு நாற்காலிக்காரரின் கொடுமை என்பர். இது உண்மையான ஆட்சேபம். இதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஆகவேதான், தனித்துப் படிப்பதை விடக் கூடிப் படிப்பதை வற்புறுத்துகிறோம். ஒருவர் படிக்கட்டும், களைத்தவர் கேட்கட்டும். மேலும், மனிதன் படிப்பதற்கும் ஓய்வு வேண்டும் என்பது எட்டு மணி நேர வேலை கோரியவர்களின் நியாயங்களுள் ஒன்று அன்றோ? வென்றெடுத்த ஓய்வைப் பயன்படுத்தாவிட்டால், அதை மீண்டும் பறிப்பது முதலாளிக்கு எளிதாகிவிடும்.

கைப்பேசியிலேயே எல்லாம் வந்துவிடுகிறது, புத்தகம் எதற்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். கைப்பேசி நமக்குப் பகை அன்று. நல்ல நூலை அதில் படித்தாலும் படிப்பே. ஆனால், நிமிஷத்திற்கு நிமிஷம் மாறும் துணுக்குகளை விழுங்குவதால் ஒரு விஷயத்தை ஆதியோடந்தமாகத் தொடர்ந்து சிந்திக்கும் ஆற்றல் வளராது. வதந்திக்கும் செய்திக்கும் வேற்றுமை காணும் திறனும் வளராது. அண்டை மாநிலத்தாருக்கு எதிராகவோ, பிழைக்க வந்த வடநாட்டுத் தொழிலாளருக்கு எதிராகவோ எவனோ ஒருவன் கிளப்பும் பொய், எல்லைப்புறத்தில் ஒரே இரவில் தீயாகப் பரவக் கூடும். அந்தத் தீயை அணைப்பது நிதானமாகப் படித்துப் பழகிய சில தலைகளே.

மூன்றாவது ஆட்சேபம் நம் அரசியல் தொண்டர்களிடமிருந்து வருவது. "புத்தகம் படித்தால் ஆற்றில் நல்ல நீர் வந்துவிடுமா? போராட்டமல்லவா வேண்டும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். புத்தகத்தால் மட்டும் நீர் வராது, உண்மையே. ஆனால், படியாத போராட்டம் ஒரு நாளில் முடிந்துவிடும். படித்த போராட்டமோ மனுவாகவும் வழக்காகவும் தேர்தல் கேள்வியாகவும் உருமாறி, பதில் கிடைக்கும் வரை நீடிக்கும். பாப்பாரப்பட்டியில் தம் இறுதி நாட்களைக் கழித்து 1925-ல் மறைந்த சுப்பிரமணிய சிவா மேடையில் கர்ஜித்தவர், சிறையில் நோயுற்றவர். அதே சிவா 'ஞானபானு' என்ற பத்திரிகையை நடத்தி எழுத்தாலும் பணிபுரிந்தார். அவருக்கு மேடையும் ஏடும் பகையாகத் தோன்றவில்லை. அவரைத் தங்கள் ஜில்லாவின் பெருமையாகக் கொண்டாடுவோர் இதை மறக்கலாகாது.

ஆகவே நமது யோசனை இது. இந்தக் கோடையில் தென்பெண்ணைக் கரையிலுள்ள ஒவ்வோர் ஊரிலும், நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ தேநீர்க் கடையிலோ, ஒரு கரும்பலகை மாட்டப்படட்டும். தாம் படித்துக்கொண்டிருக்கும் நூலின் பெயரையும், அதில் கண்ட ஒரு கருத்தையும், அதை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பதையும் படிப்பவர் ஓரிரு வரியில் அதில் எழுதட்டும். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதலாம். ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அடுத்த அரை மணி நேரம் வாதம் நடக்கட்டும். பெண்கள் வரக்கூடிய நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லையேல் ஊரில் பாதி வெளியே நிற்கும். மேடை, மாலை, வரவேற்புரை ஆகியவை வேண்டவே வேண்டாம். நூலகத்துறையார் கோடை மாதங்களிலாவது வாசகசாலையை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க வேண்டும். ஆலை நிர்வாகங்கள் உணவுக் கூடத்தின் ஓரத்தில் ஓர் அலமாரி நூல் வைப்பதால் நஷ்டமடையப் போவதில்லை. பஞ்சாயத்துகள் வசூலித்த நூலக வரியின் கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

உபதேசிக்கும் நீங்கள் படிப்பது என்ன என்று வாசகர்கள் நம்மைக் கேட்க உரிமை உண்டு. நம் மேஜை மீது இப்பொழுது மூன்று நூல்கள் இருக்கின்றன. ரிச்சர்ட்ஸின் கெஸட்டியரில் ஓசூர்த் தாலுகாவைப் பற்றிய பகுதியைப் படித்து வருகிறோம். ஏரிகளையும் ஆறுகளையும் பற்றி அவர் எழுதியிருப்பது மிகப் பயனுள்ளது, குடிகளின் குணத்தைப் பற்றிய ஆளவந்தார் தோரணை நமக்குச் சம்மதமன்று. மாஸ்தியின் நாவலைத் தமிழாக்கத்தில் படிக்கிறோம். கெட்ட அரசனுக்கும் கும்பினிக்கும் இடையில் ஒரு சிறு நாடு நசுங்கிய விதம் இன்றும் சிந்திக்கத் தக்கது. 1892-ம் வருஷத்து ஒப்பந்தத்தை இரண்டாம் முறையாகப் படிக்கிறோம். ஆற்றில் வரும் நீரின் அளவைக் காக்க எண்ணியவர்கள் அதன் தூய்மையைக் காக்க எண்ணவில்லை என்பது நம் கருத்து. அக்காலத்தில் அதற்கு அவசியம் நேரவில்லை. இன்று நேர்ந்துவிட்டது.

நாம் சொல்லிவிட்டோம். கெலவரப்பள்ளிக் கரையிலும் அதற்கு அப்பாலும் உள்ள நண்பர்களே, நீங்கள் படிப்பது என்ன? மாம்பழம் தீர்வதற்குள், பள்ளி திறப்பதற்குள், ஆற்றில் புது நீர் வருவதற்குள், அண்டை வீட்டாரிடம் அதைச் சொல்லுங்கள்.